கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுங்கள்

சென்னைக்காரனுக்குச் செங்கல்பட்டைத் தாண்டினால் வெளிநாடு. அந்தக் கணக்கில் விருதுநகர் ஏதோ ஒரு பாலைவன தேசம். அடைமழைக் காலம் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருந்ததால் குடையோடு போய் இறங்கினேன். விருதுநகர் அந்தப் பஞ்சாங்கத்தைப் படித்திருக்கவில்லை. நாலு நாளும் குடையை வெயிலுக்குத்தான் பிடித்தேன்.

என்னை அங்கே அனுப்பியவர் டாக்டர் கமலா. என் மனைவிக்குப் பெரியம்மா மகள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது முதல் மற்ற யாரையும் ஓய்வாக இருக்க விடுவதில்லை. குணப்படுத்த முடியாத நோயாளியை டாக்டர்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள், வீட்டில் அவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒருவரும் சொல்லித் தருவதில்லை என்பது அவருடைய நீண்ட நாள் கோபம். அதைச் சொல்லித் தர முதலில் ஒரு சிறு புத்தகம் போட்டார். எழுதிக் கொடுத்தவன் நான். வாங்கிப் போனவர்கள் அதைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டார்கள். திறந்தால் வீட்டில் யாருக்காவது ஏதாவது வந்துவிடுமாம்.

"காலண்டராப் போடுவோம். சுவத்தில் தொங்கும். வேண்டாம்னாலும் கண்ணில் படும். மாசத்துக்கு ஒரு வாக்கியம் எழுதுங்கள்" என்றார் டாக்டர்.

நான் வாரப் பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதிப் பிழைக்கிறவன். படித்துச் சிரித்ததாக நேரில் வந்து சொன்னவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் மைத்துனர். இன்னொருவர் ஆள் மாறி வந்தவர். என்னிடம் போய் இந்த வேலையைக் கொடுப்பானேன் என்று கேட்டேன்.

"சிரிக்க வைக்க முயற்சி பண்ணாதபோது நீங்கள் நன்றாகவே எழுதுகிறீர்கள்" என்றார்.

இப்படிப் பாராட்டப்பட்ட பிறகு மறுக்க வழியில்லை. பன்னிரண்டு வாக்கியங்களைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

விருதுநகரில் அறை எடுத்துக்கொண்டு காலண்டர் அச்சடிக்கும் சிவகாசிக்குப் பஸ்ஸில் போய் வருவது என்று ஏற்பாடு. முதல் வேலையாக, எல்லோரும் சொல்லியனுப்பிய பொரித்த புரோட்டாவைத் தேடிப் போனேன். எண்ணெய்க்குள் நீச்சலடித்து வெளியே வந்த புரோட்டாவை இலையில் நொறுக்கிப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றினார்கள். பரிமாறியவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஊருக்குப் புதுசா, அண்ணாச்சி?"

"எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?"

"கரண்டி கேட்டீகளே."

பஸ் இதைவிடச் சுவாரசியமானது. பாதி வழியில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றது. டிரைவர் இறங்கிப் போய்ப் படுத்துக்கொண்டார். என்ன கோளாறு என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"கோளாறெல்லாம் ஒண்ணுமில்ல. ரேடியேட்டர் கொதிக்குது. சீசன்ல இதுவும் நிக்காம ஓடுச்சு சார். இப்பத்தான் தீபாவளி கழிஞ்சிருச்சுல்ல, கொஞ்சம் நிக்கட்டும்."

அந்த வட்டாரத்தின் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பது அந்த மரத்தடியில்தான் எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர் ஒரு நிலத் தகராறைப் பற்றிச் சொன்னார். தீபாவளி கழித்துப் பேசுவதாக விட்டிருந்தார்களாம். பின் சீட்டு அம்மாள் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகிறாள். தீபாவளி கழியட்டும் என்று இருந்தாளாம். இன்னொருவர் பல் பிடுங்கப் போகிறார், வைகாசியிலிருந்து வலிக்கிறதாம். நாட்டுக்கே பட்டாசு செய்து கொடுப்பவர்களுக்குத் தீபாவளிக்கு முன்னால் பல்வலிக்குக்கூட நேரமில்லை. சென்னையில் நாங்கள் எதையும் நாளைக்கு என்று ஒத்திப்போடுவோம். இவர்கள் சாவதானமாக ஒரு சீசனுக்கே ஒத்திப்போடுகிறார்கள்.

சிவகாசியில் பட்டாசுக் கம்பெனிகள் தூங்கிக்கொண்டிருந்தன. அச்சகங்கள் விழித்துக்கொண்டிருந்தன. பட்டாசு முடிந்தால் காலண்டர். நான் தேடிப் போன அச்சகத்தின் வாசலிலிருந்தே தெய்வங்கள் வரவேற்றன. ஒரு நாளைக்கு ஒரு நிறம்தான் அடிப்பார்களாம். மஞ்சள் மட்டும் ஏறிய முருகன் காமாலை கண்டவர்போல் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தார். சிவப்பு ஏறியும் கண் திறக்காத லட்சுமி ஒரு மூலையில். கறுப்பு வந்தால்தான் கண்.

அச்சக முதலாளி சண்முகவேல் வெள்ளைச் சட்டைக்காரர். வெள்ளைச் சட்டையோடு மை நடுவே நடந்தும் ஒரு புள்ளி படாத மனிதர். என் தாளை வாங்கி வாய்விட்டுப் படித்தார்.

ஜனவரி: 'வைத்தியம் முடிந்துவிட்டது என்றால் கவனிப்பு முடிந்துவிட்டது என்று அர்த்தமல்ல.' பிப்ரவரி: 'வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். வலிக்கு மருந்து உண்டு, டாக்டரிடம் கேளுங்கள்.' மார்ச்: 'உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டுமா என்பதை நோயாளியே சொல்லட்டும்.' ஏப்ரல்: 'எங்கே இருக்க விருப்பம், யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவரைக் கேளுங்கள்.'

மே மாதத்துக்கு அவர் போகவில்லை. தாளை மடித்தார்.

"சார், தப்பா நெனைக்கக் கூடாது. ஜனவரியிலேயே இப்படி ஆரம்பிச்சா, பிப்ரவரியக் கிழிக்க நம்ம இருப்பமான்னுல்ல சனங்க நெனைக்கும்?"

"எல்லோரும் ஒரு நாள்..."

"அது தெரியும் சார். ஆனா அத ஆணி அடிச்சு யாரும் மாட்டுறதில்ல. காப்பி சாப்பிடுங்க."

சிவகாசியில் 'முடியாது' என்று யாரும் சொல்வதில்லை. காப்பி வாங்கித் தருகிறார்கள். நான் மறுபடி காலண்டர் பேச்சை எடுத்தேன். மறுபடி காப்பி வந்தது. சாயங்காலம் சாத்தூர்ச் சேவு ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்து, "நாளைக்கு வாங்க, பாப்போம்" என்று பஸ் ஏற்றிவிட்டார். ஒரு ஆர்டரை இவ்வளவு ருசியாக மறுத்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் போனபோது ஆள் மாறியிருந்தார். முந்திய நாள் முருகனுக்குச் சிவப்பும் ஏறியிருந்தது. சண்முகவேலுக்கு முகம் வெளுத்திருந்தது. என்னை உள்ளறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார்.

"நேத்து நீங்க சொன்ன டாக்டரம்மாவுக்கு மெட்ராஸ்ல ஆஸ்பத்திரிகள்ல நல்ல செல்வாக்கு இருக்கும்ல?"

"இல்லாத இடத்திலும் இருப்பதுபோல் நடந்துகொள்வார்."

"எங்க அக்கா வீட்டுக்காரர், அய்யாச்சாமின்னு பேரு, சின்னதா பட்டாசுக் கம்பெனி வச்சிருக்காரு. சித்திரையிலேயே வயித்து வலின்னாரு. தீபாவளி கழியட்டும்னுட்டாரு. நாங்களும் சரின்னுட்டோம். புரட்டாசியில சுருண்டு விழுந்துட்டாரு. மதுரைக்குத் தூக்கிக்கிட்டு ஓடுனோம். வயித்தத் தெறந்து பாத்தாக. அப்படியே தச்சுட்டாக."

"என்ன சொன்னார்கள்?"

"வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயி, கேட்டதையெல்லாம் வாங்கிக் குடுங்கன்னுட்டாக."

அந்த ஒரு வாக்கியத்துக்கு நம் ஊரில் உரை எழுதத் தேவையில்லை. டாக்டர் அதைச் சொன்னதும் குடும்பம் முழுக்க நடைவழியில் உட்கார்ந்து அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, சிரித்த முகமாக நோயாளியிடம் போகும். அவரிடம் மட்டும் சொல்வதில்லை.

"நாளான்னைக்குக் காலையில பிளஷர் காரு சொல்லியிருக்கோம் சார். மெட்ராஸ்ல இன்னொருதரம் ஆப்பரேசன் பண்ணிப் பாக்கலாம்னு. பொழைக்க மாட்டாருன்னு எனக்கும் தெரியும், அவர் மகன் குருசாமிக்கும் தெரியும். ஆனா மெட்ராசுக்குக்கூடக் கொண்டு போகலையேன்னு நாளைக்கு ஒரு சொல்லு வந்துரக் கூடாது பாருங்க. உங்க டாக்டரம்மா ஒரு படுக்கைக்குச் சொன்னா, உங்க காலண்டர நான் தலைகீழா நின்னாவது அடிச்சுத் தாரேன்."

ஏப்ரல் மாதத்து வாக்கியம் என் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "செய்துவிடலாம்" என்றேன். எழுதுவது வேறு, எதிரில் ஒரு மனிதர் கண் கலங்கி நிற்பது வேறு.

"இன்னொண்ணு. அத்தான் உங்க கதையெல்லாம் படிப்பாரு. வந்து சிரிக்கச் சிரிக்க நாலு வார்த்தை பேசுங்க. காலண்டர் பத்தி மட்டும் மூச்சு விட்றாதீக."

அய்யாச்சாமியின் வீட்டில் திருவிழாக் கூட்டம். வருகிறவர்கள் எல்லோரும் ஆரஞ்சுப் பழத்தோடும் பிஸ்கட்டோடும் வந்தார்கள். கட்டிலைப் பார்த்துச் சிரித்தார்கள். வாசலுக்குப் போய் மூக்கைச் சிந்தினார்கள். அவர் மனைவி பேச்சியம்மாள் எல்லோருக்கும் மோர் கொடுத்துக்கொண்டிருந்தார். மகன் குருசாமி, முப்பது வயதிருக்கும், கட்டில் காலைப் பிடித்தபடி ஒரு காவல்காரனைப்போல் நின்றான்.

கட்டிலில் ஒரு நீளமான மனிதர், பாதியாக மடங்கிக் கிடந்தார். வலி வரும்போது வாயைத் திறக்காமல் போர்வையின் ஓரத்தைக் கையில் சுருட்டினார். அது தளர்ந்ததும் பேசினார்.

நான் எனக்குத் தெரிந்த வேடிக்கைகளை எல்லாம் அவிழ்த்துவிட்டேன். சண்முகவேல் சிரித்தார், மகன் சிரித்தான், மோர் குடிக்க வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க கதையெல்லாம் படிச்சிருக்கேன் சார். வலியோட படிச்சா சிரிப்பு வர மாட்டேங்குது."

"வலி இல்லாதபோது?"

"அத விடுங்க. வீடு தேடி வந்திருக்கீக."

இத்தனை நேர்மையான விமரிசனத்தை நான் பத்திரிகை உலகத்தில் சந்தித்ததில்லை.

சண்முகவேல் வாசலில் யாரையோ வழியனுப்பப் போனார். குருசாமி தண்ணீர் எடுக்கப் போனான். அய்யாச்சாமி கையைக் காட்டி என்னைக் கிட்டத்தில் அழைத்தார்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சுக்கிட்டிருக்காக."

"என்னது?"

"நீங்களுமா சார்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "குருசாமி பொறந்த நாள்லருந்து எங்க வீட்டுல கோழி அடிச்சா ஈரல் அவனுக்கு. நான் கேட்டா, வயசாச்சு, என்ன நாக்குன்னுவா அவன் ஆத்தா. மதுரையிலருந்து வந்த அன்னைக்குக் கொழம்பு வச்சா. பாத்தா, ஈரல் அம்புட்டும் என் வட்டில்ல கெடக்கு. அப்பவே தெரிஞ்சிருச்சு, டாக்டர் என்ன சொல்லியிருப்பாருன்னு."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் நான் சிரித்தது அவருக்குப் பிடித்திருந்தது.

"மெட்ராசுக்குப் போனா திரும்பி வருவனா சார்?"

"நான் டாக்டர் இல்லையே."

"அதனாலதான் உங்கள்ட்டக் கேக்கேன்."

குருசாமி தண்ணீரோடு வந்துவிட்டான். இதைவிட நல்ல சமயத்தில் எனக்கு யாரும் தண்ணீர் கொண்டுவந்ததில்லை.

நேராகத் தபாலாபீசுக்குப் போய்ச் சென்னைக்கு டிரங்க் கால் போட்டேன். டிரங்க் காலில் ரகசியம் பேச முடியாது. நான் கத்துவதைக் கேட்க, தபால்தலை வாங்க வந்தவர்கள் அதற்கு எச்சில் தடவ மறந்து நின்றார்கள்.

"படுக்கையா? சொல்லிவைக்கலாம்" என்றது டாக்டரின் குரல். "அவரைக் கேட்டீர்களா?"

"யாரை?"

"நோயாளியை. ஏப்ரல் மாதம். நீங்கள் எழுதியதுதான்."

"அவர் உடம்பு இருக்கிற நிலையில்..."

"அந்த நிலையில் அத்தனை தூரம் காரில் குலுங்கப் போகிறவர் அவர்தானே? சரி, வலிக்கு என்ன கொடுக்கிறார்கள்?"

"மாத்திரை. ஊசி போட்டால் பழக்கமாகிவிடும் என்று உள்ளூர் டாக்டர் பயப்படுகிறாராம்."

டாக்டரின் குரல் உயர்ந்தது. "எத்தனை வருஷத்துக்குப் பழக்கமாகப் போகிறது? அந்த உள்ளூர் டாக்டரைக் கூப்பிடுங்கள், நான் பேசுகிறேன்."

உள்ளூர் டாக்டர் நல்ல மனிதர். சட்டையை மாட்டிக்கொண்டு தபாலாபீசுக்கு வந்தார். "ஆமாம்மா... சரிம்மா... எத்தனை மணிக்கு ஒருதரம்மா?" என்று பரீட்சைக்குப் படிக்கிற பையனைப்போல் கேட்டுக்கொண்டார். வலி வந்தபிறகு கொடுக்காதே, வருவதற்கு முன்னால் கொடு. மலச்சிக்கல் வரும், அதற்கும் கூடவே மருந்து கொடு. வாய் காயாமல் துடைத்துவிடச் சொல். ஒரே பக்கமாகப் படுக்கவிடாதே. இவ்வளவும் கமலா சொன்னது. டாக்டர் ஒவ்வொன்றையும் திரும்பச் சொன்னதால் தபாலாபீஸ் முழுவதும் கற்றுக்கொண்டது. எங்கள் பிரசாரத்தில் இதுவரை வெற்றிபெற்ற கூட்டம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் காலையில் போனேன். அய்யாச்சாமி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சவரம் செய்திருந்தார்கள். பேச்சியம்மாள் என்னைக் கண்டதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "ராத்திரி ஒறங்குனாக சார். எம்புட்டு நாளாச்சு" என்றார்.  இந்தத் தடவை மோர் இரண்டு தம்ளர் கொடுத்தார்.

"நீங்க என்ன சோலியா சிவகாசி வந்தீக?" என்று கேட்டார் அய்யாச்சாமி.

சண்முகவேல் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நானும் ஒரு காலண்டர் விஷயமாக என்று இழுத்தேன்.

"சாமியா, தலைவரா, சினிமாவா?"

"நோயாளி" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது.

காட்டச் சொன்னார். கொடுத்தேன். வேறென்ன செய்ய? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உதட்டை அசைத்து, டிசம்பர்வரை படித்தார்.  படித்து முடித்துச் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இதில் சிரிக்க ஒன்றும் எழுதவில்லையே" என்றேன்.

"ஏப்ரல் மாசம் சொல்லியிருக்கத எனக்கு ஏப்ரல்ல சொன்னா பிரயோசனமில்லையே சார்." தாளை மகனிடம் நீட்டினார். "ஏலே குருசாமி, இத வாங்கு. ஏப்ரலப் படி. படிச்சிட்டுக் கேளு."

குருசாமி படித்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன்போல் வெகுநேரம் படித்தான். "என்ன வேணும்யா?" என்றான். 

"திங்கிறதுக்கில்ல."

"தெரியும்யா. எங்கன இருக்கணும் உங்களுக்கு?"

"மெட்ராசுக்கு வரல. இன்னொருதரம் வயித்தக் கிழிக்க வேண்டாம். காரியாபட்டிக்குப் போறேன். உன் அக்கா வீட்டுக்கு. அங்கனயே இருந்துக்கிடுதேன்."

காரியாபட்டியில் கட்டிக்கொடுத்த மூத்த மகள் வேலம்மாளைப் பற்றி அதுவரை அந்த வீட்டில் யாரும் என்னிடம் பேசவில்லை. வீடு கட்டிப் பால் காய்ச்சக் கூப்பிட்டபோது சீசன் என்று அப்பா போகவில்லை. அதிலிருந்து மகள் இங்கே வருவதில்லை. புரட்டாசியில் மதுரை ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு நாள் இருந்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனாளாம்.

குருசாமி உட்கார்ந்துவிட்டான். "மகன் நான் கல்லுக்குண்டாட்டம் இருக்கேன். மக வீட்டுல போய்க் கெடந்து செத்தாருன்னு சொல்லுவாகளேயா. சோறு போடாத பயன்னு காறித் துப்புவாகளே. உங்கள எடுக்குறதுக்கு நான் அத்தான் வீட்டு வாசல்ல போயி நிக்கணுமா?"

'செத்தாரு' என்ற சொல் அந்த வீட்டில் அன்றுதான் முதல்முதலாகச் சொல்லப்பட்டது. சொன்னவனே திடுக்கிட்டுப் போனான்.

"ஏன்யா, நான் என்ன கொறை வச்சேன்?" என்றான் மறுபடி.

"ஒரு கொறையும் வைக்கல. நல்லாப் பாக்குற. ஆனா இந்த வீட்டுல எல்லாரும் எனக்குப் பொய் சொல்றீக. நானும் உங்களுக்குப் பொய் சொல்றேன். அலுப்பா இருக்குலே. அவ ஒருத்திதான் மூஞ்சிக்கு நேரே பேசுவா."

சண்முகவேல் என்னைப் பார்த்த பார்வையில் காப்பி இல்லை.

நாலாம் நாள் பிளஷர் வந்தது. மெட்ராசுக்குச் சொன்ன கார். எந்தப் பக்கம் போவது என்று டிரைவர் கேட்டபோது எல்லோரும் மெத்தையை எடுக்க ஓடினார்கள். பின் சீட்டில் மெத்தையை விரித்து அய்யாச்சாமியைப் படுக்க வைத்தார்கள். தலையைப் பேச்சியம்மாள் மடியில் வைத்துக்கொண்டார். கால்மாட்டில் குருசாமி ஒடுங்கிக்கொண்டான். முன்சீட்டில் டிரைவரோடு சண்முகவேலும் நானும் என் குடையும். ஊசி மருந்தையும் காரியாபட்டி டாக்டருக்கு ஒரு குறிப்பையும் உள்ளூர் டாக்டர் கொடுத்தனுப்பியிருந்தார். கூட்டி வருவதற்கு முன்னால் ஒரு ஊசியும் போட்டிருந்தார்.

"காரியாபட்டிக்குப் போப்பா" என்றான் குருசாமி கடைசியில். "இறக்கி வச்சுப் பேசிட்டுத் திரும்பிருவோம்."

பின்னாலிருந்து, "திரும்புறவக திரும்புங்க" என்று குரல் வந்தது.

கரிசல் காட்டு வழியில் டயர் வெடித்தது. டிரைவர் மாற்றிக்கொண்டிருக்கும்போது, எதிரே பெட்டிக்கடையில் தொங்கிய காராச்சேவைப் பார்த்து அய்யாச்சாமி ஆசைப்பட்டார். அவருக்கு எதுவும் உள்ளே இறங்குவதில்லை. வாயில் ஒன்றைப் போட்டு ஊறவைத்து, உறைப்பு நாக்கில் பட்டதும் மனைவியின் கையில் துப்பினார். "உப்புக் கூடிப்போச்சு" என்றார். திருப்தியாக இருந்தார்.

வேலம்மாள் வீடு ஊருக்கு வெளியே, கிணற்றங்கரையில். ஓட்டு வீடு, பக்கத்தில் மாட்டுக் கொட்டகை, அதை ஒட்டி விதை மூட்டை போடுகிற ஒரு கூரை அறை. கார் சத்தம் கேட்டு அந்த அம்மாள் பருத்திக் காட்டிலிருந்து மடியைத் தட்டிக்கொண்டே வந்தார். அப்பாவைப்போல உயரம். கதவுக்குள் குனிந்து பார்த்தார்.

"என்னய்யா, இம்புட்டு மெலிஞ்சுட்டீக? பொழைக்க மாட்டீக போலருக்கே."

சண்முகவேல் கண்ணை மூடிக்கொண்டார். பேச்சியம்மாள், "அடி பாவி மகளே" என்றார்.

அய்யாச்சாமியின் முகம் அப்போதுதான், நான் பார்த்த மூன்று நாளில் முதல்தடவையாக, முழுசாக மலர்ந்தது. "அதத்தான் தாயி நானும் சொல்றேன். ஒரு பயலும் ஒத்துக்கிட மாட்டேங்கான்."

"பால் காய்ச்சக் கூப்பிட்டேன். வரலை. இப்ப வந்திருக்கீக."

"அப்ப சீசன்."

"இப்ப?"

"முடிஞ்சிருச்சு."

அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் கிணற்றைப் பார்த்தார். பிறகு குனிந்து அப்பாவை இரண்டு கையாலும் வாரித் தூக்கினார். யாரையும் தொடவிடவில்லை. தூக்கிக்கொண்டு போகும்போது, "வலிக்குதா?" என்று கேட்டார். "இப்ப இல்ல. ஊசி போட்டுருக்கு." "வலிச்சா வலிக்குதுன்னு சொல்லணும். பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தீகன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்." பிப்ரவரி மாதத்துக்கு நான் தலையை உடைத்துக்கொண்டு எழுதிய வாக்கியத்தை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒப்பிட்டிருக்க வேண்டாம்.

எங்களுக்குக் கம்மங்கஞ்சியும் சுண்டவற்றலும் வந்தன. நன்றாக இருந்தது. குருசாமி சாப்பிடவில்லை. கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்திருந்தான். திரும்பலாமா என்று சண்முகவேல் கேட்டதற்கு எழுந்து வந்தான். ஆனால் காருக்கு வரவில்லை. கூரை அறைக்குள் போனான். உள்ளேயிருந்து பருத்தி விதை மூட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து விழுந்தன.

"என்னலே பண்ற?" என்றார் வேலம்மாள்.

"இந்த ரூம்பு சும்மாத்தான கெடக்கு?"

"வெத மூட்டை கெடக்கு. இப்ப நீ வெளிய போட்டுட்ட."

"நானும் ஆத்தாவும் இங்கன இருக்கோம். தனி அடுப்பு. எங்க அரிசி, எங்க வெறகு. அய்யா கட்டில் இந்த ரூம்புல." மூச்சு வாங்கினான். "என் அடுப்பு எரியுற எடம் என் வீடு. அய்யா மகன் வீட்டுல இருக்காகன்னு எவன் கேட்டாலும் சொல்லுவேன். நீ பக்கத்து வீடு. எந்நேரமும் வந்து உன் வாயால என்ன வேணும்னாலும் பேசிக்கோ."

"சொந்தக்காரி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாலே?"

"கேக்கேன். குடுக்கா."

வேலம்மாள் தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். "கூரை ஒழுகும்" என்றார்.

"மேஞ்சுக்கிடுதேன்."

கம்பெனி என்ன ஆவது என்று சண்முகவேல் கேட்டார். "தை பிறந்துதான மாமா தெறக்கணும்" என்றான் குருசாமி.

வேப்பங்குச்சியால் கோடு போட்டுச் சொத்துப் பிரிக்கிற பாகப்பிரிவினைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு மனிதனை மனசு நோகாமல் சாகவிடுவதற்காக அக்காவும் தம்பியும் இப்படி ஒரு வீட்டை இரண்டாக்கி நான் சென்னையில் பார்த்ததில்லை. அங்கே இடமும் இல்லை. வாடகை வீட்டில் நாங்கள் எந்த மூலையை யாருக்கு விடுவது?

கார் அருகில் நின்று சண்முகவேல் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அடிச்சுருவோம் சார்."

"எதை?"

"உங்க காலண்டர. ஜனவரி மட்டும் பிள்ளையாருக்கு விட்றுங்க. பிப்ரவரியிலருந்து உங்க சரக்கு. சாமி படத்துக்குக் கீழ, கொட்டை எழுத்துல. ஆனா ஒண்ணு. இந்தப் புத்தக நடையெல்லாம் வேண்டாம். எங்க அக்கா மக பேசுனாள்ல, அந்த மாதிரி எழுதிக் குடுங்க."

மாட்டேன் என்று சொல்ல எனக்குக் காப்பி கைவசமில்லை. சரி என்றேன்.

விடைபெற அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தேன். கட்டில் வந்துவிட்டது. அய்யாச்சாமி ஒருக்களித்துப் படுத்திருந்தார். மூலையில் செங்கல் அடுப்பு. வாழ்நாள் முழுக்க வெடிமருந்துப் பக்கத்தில் நெருப்பே ஆகாது என்று வளர்ந்த குருசாமி, மண்டியிட்டு, கண்ணெல்லாம் சிவந்து, ஊதிக்கொண்டிருந்தான். அறை முழுவதும் புகைதான் இருந்தது.

"அம்புட்டு வெறகையும் ஒண்ணாத் திணிக்காதலே. ரெண்ட வெளிய இழு" என்றார் அப்பா கட்டிலிலிருந்து. "காத்துப் போகட்டும். இப்ப ஊது. கன்னத்தால ஊதாத, வயித்துலருந்து ஊது."

மகன் ஊதினான்.

"ம். பிடிச்சிருச்சு" என்றார் அவர். கண்ணை மூடிக்கொண்டார்.

கார் திரும்பும்போது பார்த்தேன். ஓட்டு வீட்டின் மேலே ஒரு புகை நேராக ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில், கூரை அறைக்கு மேலே, சின்னதாக இன்னொன்று.